நலவாழ்வுச் செய்தியை எடுத்துரைக்கக் கற்போம்

(முசஃபாவில் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன், பேராசிரியனும் அல்லன். 2006ஆம் ஆண்டு முதல் இந்த முசஃபாவின் இரும்புப் பட்டறைகளில் வேலை பார்த்து வருபவன். முதலில் பண்டகசாலைக் காப்பாளனாக இருந்தேன். பின்னர் பாதுகாப்பு அலுவலன் ஆனேன். மக்களின் நலவாழ்வு பற்றிய செய்தியை எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் கலையை, கட்டணம் ஏதுமின்றி இணையத்தின் வழியே கற்க முடியும் என்பதைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இதைப் பேசும் தகுதி எனக்கு ஒரு தேர்ச்சியினால் வந்ததன்று. ஒரு தவற்றினால் வந்தது. ஆகவே அந்தத் தவற்றிலிருந்தே தொடங்க விரும்புகின்றேன்.

ஒரு தாளும் ஒரு தம்பியும்

2016ஆம் ஆண்டு சூலைத் திங்கள். நான் பணிபுரிந்த பட்டறையில் வெப்பத்தினால் வரும் நோய்கள் பற்றிய ஆங்கில அறிவிப்பு ஒன்றைத் தமிழர்களுக்காகத் தமிழில் எழுதித் தருமாறு மேலாளர் கேட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றவன் அல்லவா! அழகிய நடையில் எழுதினேன். "நீரிழப்பைத் தவிர்ப்பீர்! உடலின் உப்புச் சமநிலையைப் பேணுவீர்!" என்று தொடங்கி ஒரு பக்கம் முழுவதும் எழுதி, நெகிழி உறையிட்டு, அலுவலகக் கதவில் ஒட்டினேன். கடமை முடிந்தது என்று எண்ணினேன்.

சில நாட்களில், சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளைஞர், வேலைக்கு வந்த நான்காம் நாள், காலை பத்தரை மணிக்குத் தகரக் கூரையின் கீழ் நிலைகுலைந்து விழுந்தார். பேச்சுக் குழறியது. எங்கே இருக்கின்றோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உடன் வேலை பார்த்த வங்கதேசத்துத் தோழர் ஒருவர், வேறு எவரையும் எதிர்பாராமல், தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து அவர் உடல் முழுவதும் நனைத்தார். 998 என்னும் எண்ணுக்கு அழைத்து அவசர ஊர்தியை வரவழைத்தோம். அந்தத் தம்பி பிழைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது, சற்றே கோபத்துடன் கேட்டேன்: "கதவில் அவ்வளவு பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேனே, படிக்கவில்லையா?"

அவர் சொன்ன மறுமொழியை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை. "படிச்சேன்ணே. நீரிழிவுன்னு போட்டிருந்துச்சு. எனக்குத்தான் சுகர் இல்லையே, அது சுகர்காரவங்களுக்குன்னு விட்டுட்டேன்."

நீரிழப்பு, நீரிழிவு. சில எழுத்துகளின் வேறுபாடு. ஊரில் மருத்துவமனைச் சுவர்களில் அவர் கண்டு பழகிய சொல் நீரிழிவு. நான் எழுதிய சொல்லை அவர் வாழ்க்கையில் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. அவர் படிக்காதவர் அல்லர். படித்தார், தமக்குத் தெரிந்ததைக்கொண்டு புரிந்துகொண்டார். பிழை அவருடையதன்று.

பிறகு மெல்லக் கேட்டேன், தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று. தண்ணீர் வேண்டிய மட்டும் இருந்தது, குளிர்ந்த நீரே இருந்தது. ஆனால் கழிப்பறை வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. புதிதாக வந்தவன் அடிக்கடி போய்வந்தால் மேற்பார்வையாளர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சிக் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாராம். ஆக, நான் எழுதிய தாளில் சொல்லும் தவறு; அந்தச் சொல் சரியாக இருந்திருந்தாலும் அது அவருடைய இடர்ப்பாட்டைத் தொட்டிருக்காது. எழுதுவதற்கு முன் ஒரே ஒரு தொழிலாளியிடம் ஒரே ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், இவை இரண்டுமே எனக்குத் தெரிந்திருக்கும்.

சட்டம் உண்டு, செய்தி சென்றதா?

இந்த நாட்டில் தொழிலாளரை வெப்பத்திலிருந்து காக்கும் ஏற்பாடுகள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. நண்பகல் வேலைத் தடை 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இப்போது ஆண்டுதோறும் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை, நேரடி வெயிலிலும் திறந்த வெளியிலும் வேலை வாங்குதல் கூடாது. மீறும் நிறுவனத்திற்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்காம் வீதம், 50,000 திர்காம் வரை தண்டம் உண்டு.

ஆயினும் நம் உடல் கடிகாரம் பார்ப்பதில்லை. காலை பத்து மணிக்கும் வெப்பம் தாக்கும்; கூரையின் கீழும் தாக்கும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாட்களில் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. புதிதாக வந்தவரின் உடல் இந்த வெப்பத்திற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். அந்த முதல் நாட்களே மிகவும் ஆபத்தானவை. தலைவலி, களைப்பு, குமட்டல் என்று தொடங்குவது, கவனிக்காமல் விட்டால், நினைவு தடுமாறும் நிலைக்குச் செல்லக்கூடும். நினைவு தடுமாறிவிட்டால் அது உயிருக்கு ஆபத்தான வெப்ப வாதம். அப்போது முதல் வேலை அவசர ஊர்தியை அழைப்பதும், ஊர்தி வரும்வரை உடலை நீரால் நனைத்து விசிறிக் குளிர்விப்பதுமே. நினைவற்றவர் வாயில் தண்ணீர் ஊற்றுதல் கூடாது.

இவையெல்லாம் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்திகள். இவற்றைத் தொழிலாளர் அறியும்படி செய்வதற்கு அபுதாபி சுகாதார ஆணையம் 'வெப்பத்தில் பாதுகாப்பு' என்னும் பெயரில் திட்டம் ஒன்றையே நடத்தியது. பல மொழிகளில் பயிற்சிப் பொருள்களை ஆயத்தம் செய்து நிறுவனங்களின் வழியே கொண்டுசென்ற அத்திட்டம் பற்றிய கட்டுரை, 2011இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளிவந்தது. ஆக, அறிவும் உண்டு, சட்டமும் உண்டு, திட்டமும் உண்டு. இவற்றிற்கும் சிவகங்கைத் தம்பிக்கும் இடையில் இருந்த கடைசிப் பத்தடியில்தான் செய்தி நின்றுபோனது. அந்தப் பத்தடியில் நின்றவன் நான்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு வகுப்பறை

அதன்பின் நான்காண்டுகள் கழித்துப் பெருந்தொற்று வந்தது. அந்நாட்களில் முசஃபாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் இறுதியில் அபுதாபி அரசு முசஃபாவிலேயே பெரும் பரிசோதனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 335,000 பேரைச் சோதிப்பது என்பது இலக்கு. இதற்கெனப் புதிய பரிசோதனை நிலையமும் இங்கே அமைக்கப்பட்டது.

அப்போது எங்கள் தங்குமிடத்தில் நான் கண்டது இதுதான். நோயைக் காட்டிலும் வேகமாக அச்சம் பரவிற்று. சோதனைக்குச் சென்றால் திரும்ப விடமாட்டார்களாம், வேலை போய்விடுமாம் என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதிக்கொண்டிருந்தனர். இருமலை மறைத்தவர்கள் இருந்தனர். அவர்களிடம் அரசின் அறிவிப்பை அப்படியே படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள், அசையவில்லை. என் பழைய தாளின் நினைவு வந்தது.

அந்நாட்களில்தான், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 மே 11 அன்று கோர்சீரா தளத்தில் வெளியிட்ட இலவசப் பாடம் ஒன்றைப் பற்றி என் மகள் சொன்னாள். கோவிட் நோயுற்றோருடன் தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறியும் பணிக்கான பயிற்சி அது. நடத்தியவர் எமிலி கர்லி என்னும் தொற்றுநோயியல் அறிஞர். ஐந்தாறு மணி நேரத்தில் முடிக்கத்தக்க அந்தப் பாடத்தில் உலகெங்கும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். அதில் நோயைப் பற்றிய பகுதி ஒன்று. அறநெறி பற்றிய பகுதி ஒன்று. இறுதிப் பகுதி முழுவதும், மனிதரிடம் எவ்வாறு பேசுவது என்பது.

அந்த இறுதிப் பகுதிக்காகவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். என் ஆங்கிலம் குறைந்த ஆங்கிலம். மகள் பக்கத்தில் அமர்ந்து சொல்லச் சொல்ல, அந்தக் கருத்துக்கு நம் பட்டறையில் என்ன பெயர் என்று நான் தேடுவேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் நாற்பத்தைந்து வயதுத் தகப்பனுக்கும் அதுவே ஒரே வகுப்பறை ஆயிற்று.

கற்றவை நான்கு

அந்தப் பாடத்திலிருந்தும், அதன்பின் தேடிப் படித்தவற்றிலிருந்தும் நான் பெற்றதை நான்கு செய்திகளாகச் சுருக்கிச் சொல்கின்றேன்.

முதலாவது, சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். கேள்வியிலும் இரு வகை உண்டு. "தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்றால் "ஆமாம்" என்று முடிந்துவிடும். "காலையிலிருந்து என்னென்ன குடித்தீர்கள்? எப்போது குடித்தீர்கள்?" என்றால்தான் உண்மை வெளிவரும். "ஏன் சோதனைக்குப் போகவில்லை?" என்பது குற்றஞ்சாட்டும் கேள்வி. "போவதில் எது உங்களுக்குக் கவலையாக இருக்கிறது?" என்பது அருகில் அமரும் கேள்வி. எங்கள் தங்குமிடத்தில் நான் இரண்டாம் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய பின்னர்தான், ஊருக்குப் பணம் அனுப்ப இயலாமற் போகுமே என்பதே பலருடைய அச்சத்தின் வேர் என்பது விளங்கிற்று.

இரண்டாவது, கேட்பவர் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் பச்சைப் பேரீச்சஞ்சாற்றை வௌவால்கள் தீண்டுவதனால் நிபா நச்சுயிரி மனிதருக்குப் பரவியது. இறக்கியவுடன் அந்தச் சாற்றைக் குடிப்பது அங்குக் குளிர்கால வழக்கம். குடிக்கவே வேண்டாம் என்று சொல்வது ஒரு வழி. மரத்தில் சாறு வடியும் இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடி, வௌவால் தீண்டாத சாற்றை மட்டுமே குடியுங்கள் என்று சொல்வது மற்றொரு வழி. இரண்டாம் செய்தியையும் அங்கு ஆய்வாளர்கள் ஊர்களில் கொண்டுசென்று சோதித்தனர். மக்களின் வாழ்க்கையோடு ஒத்துப்போகும் செய்திக்கே மக்கள் நடுவில் இடம் உண்டு.

மூன்றாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எந்தத் தமிழனும் "புரிந்தது" என்றே சொல்வான், புரியவில்லை என்பது அவனுக்கு மானக்குறைவு. ஆகவே, "நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும், உங்கள் அறைத் தோழரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்க வேண்டும். இதில் தேர்வு எழுதுபவர் சொன்னவரே தவிர, கேட்டவர் அல்லர். மருத்துவமனைகளிலும் செவிலியர் கையாளும் முறை இது. 2016இல் இந்த ஒரு முறையை நான் அறிந்திருந்தால், நீரிழப்பு நீரிழிவான செய்தி அன்று மாலையே எனக்குத் தெரிந்திருக்கும்.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பிறர் சொன்ன கமுக்கத்தைக் காக்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நெருக்கடிக் காலச் செய்திப் பயிற்சி ஆறு நெறிகளைச் சொல்கிறது: முந்திச் சொல், சரியாகச் சொல், நம்பத்தக்கவனாய் இரு, பரிவு காட்டு, செயலுக்கு வழிகாட்டு, மதித்துப் பேசு. இவற்றில் முந்திச் சொல்வதைத்தான் நாம் அனைவரும் கைப்பேசியில் நன்றாகச் செய்கின்றோம். மற்ற ஐந்தும் நம்மிடம் குறைவு.

உலகச் சுகாதார நிறுவனமும் இவ்வாறே ஆறு அளவுகோல்களை வகுத்துள்ளது. செய்தி கைக்கெட்டுவதாக, செயற்படுத்தத்தக்கதாக, நம்பத்தக்கதாக, கேட்பவருக்குப் பொருத்தமானதாக, காலத்தில் வருவதாக, புரியக்கூடியதாக இருத்தல் வேண்டும். என் தாளை இந்த அளவுகோல்களால் அளந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியருகில் ஒட்டாமல் அலுவலகக் கதவில் ஒட்டினேன், கைக்கெட்டவில்லை. சமநிலையைப் பேணு என்றேன், செயற்படுத்த முடியாது. சொல்லே புரியவில்லை. வெயில் ஏறிய பிறகு சூலையில் ஒட்டினேன், காலமும் கடந்துவிட்டது. தமிழில் இருந்தது என்பது ஒன்றே அதன் சிறப்பு. தமிழில் இருப்பது மட்டும் போதாது என்பதைத் தமிழ்ப் பற்றுள்ளவர்கள் நிரம்பிய இந்த அவையில் சொல்லத் துணிகின்றேன்.

ஊரிலிருந்து வரும் செய்தி, ஊருக்குப் போகும் செய்தி

பெற்றோர்களே, இது பட்டறைத் தொழிலாளர் பற்றிய பேச்சு, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. அதற்கு எதிரான புரளிகள் வாட்ஸ்அப் வழியே வீடுதோறும் பாய்ந்தன. பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று பெற்றோர் பலர் மறுத்தனர். குறித்த நாளுக்குள் முடிக்க இயலாமல் இயக்கத்தை மார்ச்சு மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புரளிகள் நம் கைப்பேசிகளுக்கும் வந்தன என்பதை மறுப்பவர் இங்கு இரார். நம்மில் சிலர் அவற்றை ஊருக்கும் அனுப்பினோம். வளைகுடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பினால் ஊரில் அதற்குத் தனி மதிப்பு. தம்பியும் தங்கையும் அதை நம்புவார்கள். அந்த மதிப்பு நம் கையில் உள்ள ஒரு பொறுப்பு.

இதற்கு மாறான வரலாறும் நம் நாட்டிற்கு உண்டு. இளம்பிள்ளை வாதத்திற்கு எதிரான போராட்டத்தில், உத்தரப் பிரதேசத்தில் சொட்டு மருந்தை மறுத்த குடும்பங்களிடம் உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று பேசினர். சமயப் பெரியோர்களும் துணை நின்றனர். 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சு 27 அன்று நம் பகுதி முழுவதும் அந்நோயற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மருந்து வேலை செய்தது; அந்த மருந்து பிள்ளையின் வாயை அடைய, அறிந்த முகம் ஒன்று வாசலில் நின்று பேச வேண்டியிருந்தது.

குடும்பக் குழுவில் பெரியப்பா ஒரு புரளியை அனுப்பினால் என்ன செய்வது? இளையோரே, "இது பொய், இதைக்கூடவா நம்புவீர்கள்" என்று எல்லார் முன்னிலையிலும் எழுதாதீர்கள். அவர் தம் சொல்லைக் காக்கவே முனைவார். தனியே அழைத்து, "பெரியப்பா, உங்களுக்கு இதில் எது பயமாகப் பட்டது?" என்று கேளுங்கள். பிறகு உண்மையை முதலில் சொல்லுங்கள். புரளி எதில் தவறு என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மீண்டும் உண்மையில் முடியுங்கள். புரளியையே திரும்பத் திரும்பச் சொன்னால் அதுதான் நினைவில் நிற்கும். கசாயத்தில் நம்பிக்கை உடைய பாட்டியிடம் கசாயத்தை இகழ வேண்டாம். "சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், என்னென்ன குடிக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்" என்று மன்றாடுங்கள். வாதத்தில் வெல்வதைவிடப் பாட்டி மாத்திரையை விழுங்குவது பெரிது.

எவ்வாறு தொடங்குவது?

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூ.எச்.ஓ. என்னும் கற்றல் தளம் பெருந்தொற்றுக் காலத்தில் இலட்சக்கணக்கானோருக்கு இலவசமாகப் பாடம் நடத்தியது. அந்நிறுவனத்தின் அகாடமி 2024 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரில் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. இன்று தேடுவோர் அந்த அகாடமியின் இணையத் தளத்திலிருந்து தொடங்கலாம். இடர்க்காலச் செய்தி, தவறான தகவல் பெருக்கம் ஆகியவை பற்றிய பாடங்களைத் தேடுங்கள். வேறு தளங்களில் பதியும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாடத்தைப் படிக்க இலவசமாக இருக்கும், சான்றிதழுக்குக் கட்டணம் கேட்கக்கூடும். நமக்கு வேண்டியது பாடம்.

தனியே படித்தால் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவோம். ஆகவே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து படியுங்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தை விளக்கட்டும். பெற்றோர் அதற்கு ஊர்ச் சொல்லைத் தரட்டும். வாரம் ஒரு பகுதி போதும். ஒவ்வொரு வாரமும் ஒரு பழக்கம்: முதல் வாரம் கேள்வி கேட்டல், இரண்டாம் வாரம் ஒரு செய்தியை மூன்று சொற்றொடர்களில் எழுதுதல், மூன்றாம் வாரம் திருப்பிச் சொல்லக் கேட்டல், நான்காம் வாரம் ஒரு புரளிக்குப் பணிவுடன் விடை அளித்தல். எழுதியதை நம் கட்டடத்துக் காவலாளியிடமோ மளிகைக் கடைத் தம்பியிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்களே நம் தேர்வாளர்கள்.

எல்லைகளையும் சொல்லிவிடுகின்றேன். இந்தப் பாடத்தைப் படித்ததனால் எவரும் மருத்துவர் ஆவதில்லை. மருந்து சொல்லாதீர்கள், மருத்துவரிடம் செல்ல வழி சொல்லுங்கள். இந்நாட்டில் தன்னார்வப் பணிக்கென 2018ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ஆகவே தங்குமிடங்களுக்குக் குழுவாகச் செல்ல விரும்பினால் உரிய பதிவும் இசைவும் பெற்ற அமைப்பின் வழியே செல்லுங்கள். வதந்தி பரப்புவது 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி சிறைத்தண்டனையும் ஓர் இலட்சம் திர்காமுக்குக் குறையாத தண்டமும் பெறத்தக்க குற்றம். நோய்த்தொற்றுக் காலமாயின் தண்டனை இன்னும் மிகுதி. நல்ல எண்ணத்தில் அனுப்பினேன் என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். அரசின் அறிவிப்பே ஆதாரம்; அதைப் புரியும்படி எடுத்துரைப்பதே நம் பணி.

பெற்றோருக்கு மேலும் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் அரபும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் என்பதற்காக, மருத்துவர் அறையில் தாயின் நோயைப் பற்றிப் பேச அவர்களை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தாய் மறைப்பாள், பிள்ளை அஞ்சும், மருத்துவருக்கு அரைச் செய்தியே போகும். வளர்ந்தவர் ஒருவரை அல்லது மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்வதும் தடுப்பூசி நாளை நினைவூட்டுவதும் பிள்ளைகள் செய்யத்தக்க பணிகள்.

தமிழ் எதற்கு என்னும் கேள்விக்கு

"இங்கே தமிழ் படித்து என்ன பயன்?" என்று நம் பிள்ளைகள் கேட்கின்றார்கள். நாமும் இலக்கியப் பெருமைகளைச் சொல்கின்றோம், அவை உண்மையே. ஆயினும் முசஃபாவில் அக்கேள்விக்கு இன்னும் அருகிலேயே ஒரு விடை இருக்கிறது. நம் வீடுகளிலிருந்து சில கல் தொலைவில், தம் மொழியில் ஒருவர் மெல்லப் பேசினால் உயிர் தப்பக்கூடியவர்கள் வாழ்கின்றார்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நிறுத்திவிடவில்லை; உடனிருந்து துணை செய்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காம் இடம் நமக்குரியது. அதற்குப் பட்டம் வேண்டாம், பழக்கம் வேண்டும்.

இறுதியாக, என் தாள் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கின்றேன். பாடம் முடித்த பின்னர், 2021 மே மாதத்தில், வெயில் ஏறும் முன்னரே, அந்தச் சிவகங்கைத் தம்பியையே பக்கத்தில் அமர்த்திப் புதிய தாள் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன் என்பதே சரி. தண்ணீர்த் தொட்டியின் மேலும் கழிப்பறைக் கதவின் உட்புறமும் ஒட்டினோம். அதில் இருந்தவை இவ்வளவே:

"தாகம் எடுக்குற வரைக்கும் இருக்காதீங்க. கால் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிங்க.

ஒண்ணுக்கு சுலைமானி கலர்ல போனா, தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.

தலை சுத்துனா நிழலுக்குப் போங்க. பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லுங்க.

பாத்ரூம் போக யார்கிட்டயும் கேட்க வேண்டாம்."

அந்த நான்காம் வரியை எழுதத் தமிழ் போதவில்லை. மேலாளரிடம் இருமுறை சென்று, காரணத்தை எடுத்துச் சொல்லி, மேற்பார்வையாளர்களுக்கும் அவரே அறிவிக்கும்படி கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அவர் இசைந்த பின்னரே அந்த வரியை எழுதினேன். தடை அங்கேயே இருக்க, தண்ணீர் குடி என்று மட்டும் சொல்வது செய்தியாகாது. நலவாழ்வுச் செய்தியை எடுத்துரைத்தல் என்பதன் பாதி, கேட்டவர் அதைச் செய்ய முடியும்படி வழியைத் திறந்துவிடுதல்.

இப்போது அந்தத் தம்பி மேற்பார்வையாளர். ஊரிலிருந்து புதிதாக வருகின்றவர்களை முதல் நாள் காலையில் அந்தத் தாளின் முன் நிறுத்தி, படிக்கச் சொல்கின்றார். பிறகு, "இதுல என்ன போட்டிருக்கு, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்கின்றார். அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தரவில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது ஐந்தாறு மணி நேரம். பிள்ளையோடு அமர்ந்து ஒரு பாடம் படியுங்கள். அதன்பின் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், ஒரு கேள்வி கேளுங்கள். விடையை முழுவதும் கேளுங்கள்.